உப்பு தனியாக வருவதில்லை

புதுச்சேரியில் பாகூர்ப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் பலர் வீட்டில், பட்டாவோடு சேர்த்து ஒரு தண்ணீர் ரிப்போர்ட்டையும் மடித்து வைத்திருப்பார்கள். போர் போட்ட கையோடு பாட்டிலில் பிடித்துப் போய் லேபில் கொடுத்து வாங்கிவந்த தாள் அது. பி.எச்., டி.டி.எஸ்., கடினத்தன்மை, குளோரைடு, சல்பேட், நைட்ரேட், ஃபுளோரைடு என்று வரிசையாக எண்கள் இருக்கும். பக்கத்துக் கட்டத்தில் குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500 சொல்லும் வரம்பு இருக்கும். குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு தண்ணீரே இல்லையென்றால் 1000 வரை பொறுக்கலாம். நைட்ரேட்டுக்கு 45, அதற்குமேல் சலுகை கிடையாது.

பெரியப்பா அப்படி ஒரு தாளை என் கையில் கொடுத்துக் கேட்ட கேள்விதான் என்னை ஒரு பயிற்சி வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தது. கிருமாம்பாக்கத்துக்குக் கிழக்கே, கடலைப் பார்த்த பக்கம் அவருக்குக் கொல்லை. "தே பாரு பாப்பா, நீ கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணு. இதுல உப்பு எவ்ளோ இருக்குன்னு போட்டிருக்கான். அது எங்கேர்ந்து வருதுன்னு எந்த இடத்துல போட்டிருக்கான்?"

எந்த இடத்திலும் போட்டிருக்கவில்லை. தனி எண் ஒன்றில் அந்தப் பதில் இருக்கவும் இருக்காது.

நான் எம்.எஸ்சி. வேதியியல் முடித்து, சேதராப்பட்டில் ஒரு மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு லேபில் வேலை பார்க்கிறேன். குளோரைடு பார்க்கச் சொன்னால் பொட்டாசியம் குரோமேட் விட்டு, பியூரெட்டில் சில்வர் நைட்ரேட்டை எடுத்து, மஞ்சள் நிறம் செங்கல் நிறத்துக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்தி அளவைச் சொல்லிவிடுவேன். கடினத்தன்மைக்கு ஈ.டி.டி.ஏ., சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் ஃப்ளேம் போட்டோமீட்டர். கல்லூரியில் நமக்குச் சொல்லிக்கொடுத்தது இப்படித்தான். ஒரு நேரத்தில் ஒரு பொருள், கடைசியில் ஒரு எண். அது நல்ல படிப்பு, அது இல்லாமல் அடுத்த படிக்குப் போகவே முடியாது. ஆனால் அடுத்த படி ஒன்று இருக்கிறது என்பதை நம் பாடத்திட்டம் பெரும்பாலும் சொல்வதில்லை. அந்த எண்களையெல்லாம் சேர்த்து, ஒன்றோடொன்று எப்படி ஏறி இறங்குகின்றன என்று பார்ப்பதற்கு ஒரு தனித்துறையே இருக்கிறது. வேதியியல்காரர்களுக்கான பல்மாறித் தரவுப் பகுப்பாய்வு என்று இணையவழியில் நடந்த ஒரு குறுகிய காலப் பயிற்சியில் அதற்காகத்தான் சேர்ந்தேன்.

பயிற்சிக்குப் போகும் முன் உப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இதைப் புரிந்துகொண்டால் மற்றது எளிது.

நிலத்தடி நீரில் குளோரைடு ஏறப் பல வழிகள் உண்டு. முதல் வழி கடல். கடல்நீர் கனமானது, அதன்மேல் நல்ல தண்ணீர் மிதந்துகொண்டிருக்கிறது. கடலோரத்தில், கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை அது கடல்நீரை அழுத்தி வைத்திருக்கும். கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் பெயரில் வழங்கும் கணக்கு இது. இதைத் திருப்பிப் படித்தால்தான் பயம் வரும். மோட்டார் போட்டு இறைத்து மேல்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், கீழே உப்புநீர் 40 மீட்டர் வரை மேலே வரக்கூடும். இரண்டாவது வழி வயல். நாம் போடும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான். மூன்றாவது, செப்டிக் டேங்க். நான்காவது, களிமண் அடுக்குகளில் பழங்காலத்திலிருந்தே தங்கியிருக்கும் உப்பு. நாலு வழியில் வந்தாலும் பியூரெட்டில் தெரிவது ஒரே செங்கல் நிறம்தான்.

ஆனால் குளோரைடு தனியாக வருவதில்லை, கூட்டாளிகளோடு வரும். ஒரு லிட்டர் கடல்நீரில் குளோரைடு சுமார் 19,000 மில்லிகிராம், சோடியம் 10,800, சல்பேட் 2,700, மெக்னீசியம் 1,290, கால்சியம் 410. கால்சியத்தைவிட மெக்னீசியம் மூன்று மடங்கு இருப்பதைக் கவனியுங்கள். நல்ல கிணற்றுத் தண்ணீரில் வழக்கமாக இது தலைகீழாக இருக்கும். நூறு லிட்டருக்கு இரண்டு லிட்டர் கடல்நீர் கலந்தாலே குளோரைடு லிட்டருக்குச் சுமார் 380 மில்லிகிராம் கூடிவிடும். கூடவே சோடியமும் மெக்னீசியமும் சல்பேட்டும் அதே கணக்கில் ஏறும். உரத்திலிருந்து வரும் குளோரைடோ பொட்டாசியத்தையும் நைட்ரேட்டையும் கூட்டிக்கொண்டு வரும்.

இப்போது இரண்டு கிணறுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் குளோரைடு 400. ஒன்றில் மெக்னீசியமும் சல்பேட்டும் அதிகம், நைட்ரேட் இல்லாத மாதிரி. இன்னொன்றில் நைட்ரேட் 60, பொட்டாசியம் அதிகம், மெக்னீசியம் சாதாரணம். குளோரைடு கட்டத்தில் இரண்டுக்கும் ஒரே தீர்ப்புதான். செய்ய வேண்டியதோ வேறு. முதல் கிணற்றுக்காரர் இறைப்பதைக் குறைக்க வேண்டும், இரண்டாமவர் உரத்தையும் கழிவறைத் தொட்டியையும் பார்க்க வேண்டும்.

இதைக் கண்ணாலேயே பார்த்துச் சொல்லிவிடலாமே, பகுப்பாய்வு எதற்கு என்று கேட்கலாம். இரண்டு கிணறு என்றால் சொல்லிவிடலாம். நாற்பது கிணறு, பன்னிரண்டு பத்தி என்று வரும்போது கண் நிற்காது. மேலும் மண் சும்மா இருப்பதில்லை. உப்புநீர் களிமண்ணுக்குள் நுழையும்போது மண் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு கால்சியத்தை விட்டுவிடும். அதனால் கடல்நீர் ஏறும் கிணற்றிலேயே சோடியம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தும் கால்சியம் கூடியும் இருக்கலாம். ஒரு விகிதத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வந்தால் தவறிவிடும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே ஆக வேண்டும்.

பயிற்சியின் தொடக்கத்தில் கொஞ்சம் வரலாறு வந்தது. முதன்மைக் கூறுப் பகுப்பாய்வை, அதாவது பி.சி.ஏ.வை, 1901இல் கார்ல் பியர்சன் எழுதினார், 1933இல் ஹெரால்ட் ஹோட்டலிங் விரிவாக்கினார். வேதியியலுக்குள் இந்த முறைகளைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஸ்வீடனின் ஊமேயோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்வான்டே வோல்ட். 1971இல் 'கெமோமெட்ரிக்ஸ்' என்று இத்துறைக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். 1974இல் அவரும் அமெரிக்காவின் புரூஸ் கோவால்ஸ்கியும் சேர்ந்து இதற்கென ஒரு சர்வதேசச் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கு இருக்கும் இடத்தை நம் மாணவர்களுக்குச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. பல அளவுகளைச் சேர்த்து வைத்து, ஒரு பொருள் ஒரு கூட்டத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளக்கும் முறையை 1936இல் வெளியிட்டவர் பி.சி. மகலனோபிஸ். கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை 1931இல் தொடங்கியவர் அவர். அந்த நிறுவனத்தில் 1941இல் சேர்ந்த சி.ஆர். ராவ், பல அளவுகளை வைத்து இனம் பிரிக்கும் முறைகளை 1948இல் விரிவாக்கினார். இந்த முறைகளின் வரலாற்றைச் சொல்லும்போது இந்த இருவர் பெயரை விட்டுவிட முடியாது. ராவ் 2023இல், தம் 102ஆம் வயதில் காலமானார்.

மேட்ரிக்ஸ், ஐகன் மதிப்பு என்று கேட்டதும் வேதியியல் படித்தவர்கள் பலர் ஒதுங்குகிறார்கள். ஒதுங்க வேண்டியதில்லை. எம்.எஸ்சி.யில் ஹூக்கல் கோட்பாட்டில் பியூட்டாடையீனுக்கு டிட்டர்மினன்ட் போட்டு ஆற்றல் மட்டங்களைக் கண்டுபிடித்தோமே, அதே கணக்குதான். அங்கே கிடைத்தவை ஆற்றல் மட்டங்களும் ஆர்பிட்டால்களும். இங்கே கிடைப்பவை தரவு எந்தத் திசையில் எவ்வளவு பரந்திருக்கிறது என்பதும், அந்தத் திசையில் எந்த அயனிக்கு எவ்வளவு பங்கு என்பதும்.

திசை என்றால் என்ன என்பதற்கு நான் மற்றவர்களிடம் சொல்லும் விளக்கம் இது. ஒரு மாட்டுவண்டிக்குப் பின்னாலிருந்து விளக்கடித்தால் சுவரில் ஒடுங்கிய நிழல்தான் விழும், அது என்னவென்றே தெரியாது. பக்கவாட்டிலிருந்து அடித்தால் மாடு, நுகத்தடி, சக்கரம் எல்லாம் நீளமாக விரிந்து தெரியும். பன்னிரண்டு பத்தி உள்ள அட்டவணையை நாம் தாளில் பார்ப்பதென்றால் ஏதோ ஒரு பக்கத்திலிருந்து நிழலாகத்தான் பார்க்க முடியும். எந்தப் பக்கத்திலிருந்து அடித்தால் நிழல் அதிகமாக விரியும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் பி.சி.ஏ.

பயிற்சியில் தந்த தரவு உலகம் முழுவதும் பாடம் நடத்தப் பயன்படுத்தும் இத்தாலிய ஆலிவ் எண்ணெய். 572 மாதிரிகள், எட்டுக் கொழுப்பு அமிலங்கள், ஒன்பது வட்டாரங்கள். அதில் முறையைக் கற்றுக்கொள்ளலாம், அருமையான தரவு. ஆனால் அந்த ஒன்பது வட்டாரங்களில் ஒன்றில்கூட நான் கால் வைத்ததில்லை. ஒரு புள்ளி ஏன் அங்கே போய் நிற்கிறது என்று கேட்கும் உரிமை எனக்கு அதில் கிடைக்கவில்லை. நம் ஊர்க் கிணறுகளை வைத்துச் செய்தபோதுதான் பாடம் உடம்பில் ஏறியது.

லேபில் என்னோடு வேலை பார்க்கும் தோழிகளும் நானும் விடுமுறை நாட்களில் மாதிரி எடுத்தோம். பாகூரில் ஏரியை ஒட்டிய போர்கள், மணப்பட்டு, மூர்த்திக்குப்பம் பக்கம் கடலோரப் போர்கள், வில்லியனூரில் சங்கராபரணிக் கரை, கூடப்பாக்கம் வழியாக ஊசுட்டேரி. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. அந்த ஆயக்கட்டுக் கிணறுகளுக்கும் கடலோரக் கிணறுகளுக்கும் தண்ணீரின் பூர்வீகமே வேறு. இதெல்லாம் தெரிந்துகொண்டு அட்டவணையைப் பார்ப்பது ஒரு பெரிய வசதி. புதுச்சேரியின் அடுக்கடுக்கான நீர்த்தாங்கிகளின் வேதியியலை அண்ணாமலைப் பல்கலைக்கழகப் புவி அறிவியல் துறையினர் ஆராய்ந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். படிக்க விரும்புகிறவர்கள் தேடிப் படிக்கலாம்.

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் செய்ய வேண்டிய வேலைதான் அதிகம். முதலில் மின்சுமைக் கணக்கு. தண்ணீரில் நேர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும் எதிர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும் சமமாக இருந்தாக வேண்டும். மில்லிகிராமை மில்லி ஈக்விவலென்ட்டாக மாற்றிப் பார்த்து, வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். 10ஐத் தாண்டினால் மறுபடி அளக்க வேண்டும். பி.சி.ஏ. போடும் கட்டளை இதைத் தானாகச் சொல்லாது. வேதியியல் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது அளவுகளைச் சமப்படுத்துவது. குளோரைடு 50இலிருந்து 1500 வரை போகும், ஃபுளோரைடு 0.2இலிருந்து 1.5 வரைதான் போகும். அப்படியே போட்டால் குளோரைடு மட்டுமே பேசும், ஃபுளோரைடின் குரல் கேட்காது. ஒவ்வொரு பத்தியிலிருந்தும் அதன் சராசரியைக் கழித்து, அதன் திட்ட விலக்கத்தால் வகுத்துவிட்டால் எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு கிடைக்கும். ஒரு சில கிணறுகளில் மட்டும் அளவு எகிறி நிற்கும் அயனிகளுக்கு, அதற்கு முன்பே மடக்கை எடுத்துவிடுவது நல்லது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பல ஆய்வேடுகளில் இதைக் கவனிப்பதில்லை. மின்கடத்துத்திறன், டி.டி.எஸ்., மொத்தக் கடினத்தன்மை மூன்றையும் அயனிகளோடு சேர்த்து அட்டவணையில் போடுகிறார்கள். டி.டி.எஸ். பெரும்பாலும் மின்கடத்துத்திறனை ஓர் எண்ணால் பெருக்கி எடுத்தது. கடினத்தன்மை என்பது கால்சியமும் மெக்னீசியமும்தான். ஒரே சங்கதியை மூன்று பெயரில் மூன்று தடவை எண்ணிவிட்டு, முதல் கூறு 60 சதவீதத்தை விளக்குகிறது என்று பெருமைப்படுவதில் பொருள் இல்லை. அளந்த அயனிகள் மட்டும் போதும்.

இவ்வளவும் செய்தபின் பி.சி.ஏ. ஒரு கட்டளை வரிதான். ஆர் மொழியில் இலவசமாகச் செய்யலாம். முதல் அச்சில் சோடியம், குளோரைடு, மெக்னீசியம், சல்பேட் நான்கும் ஒரே பக்கம் நீண்டன. கடலோரப் போர்கள் அந்தப் பக்கமாகவே ஒதுங்கி நின்றன. இரண்டாவது அச்சில் நைட்ரேட்டும் பொட்டாசியமும் ஒன்றாகப் போயின. வயல்வெளிப் போர்கள் சிலவும், வீடுகள் நெருங்கிய தெருக்களின் போர்கள் சிலவும் அங்கே. பெரியப்பாவின் போர் கடலோரக் கூட்டத்தில் நின்றது. பி.சி.ஏ. காரணத்தை நிரூபிக்காது. எது எதோடு சேர்கிறது என்பதைத்தான் காட்டும். காரணம் சொல்வது வேதியியலின் வேலை. உறுதிப்படுத்த புரோமைடு பார்க்கலாம், கடல்நீரில் குளோரைடு புரோமைடைப்போல ஏறத்தாழ 290 மடங்கு. ஆனாலும் பெரியப்பாவிடம் சொல்ல எனக்கு ஒரு பதில் கிடைத்தது. "உப்பு பெரும்பாலும் கடல்லேர்ந்துதான் பெரியப்பா. அதே அடுக்குல இன்னும் ஆழமா இறக்காதீங்க, ஒரேடியா நாள்பூரா மோட்டார ஓட்டாதீங்க." ஆழப்படுத்த அவர் ஏற்கெனவே ஆள் பேசி வைத்திருந்தார். அதை நிறுத்திவிட்டார்.

மகலனோபிஸ் தொலைவு எனக்கு மிகவும் பிடித்துப்போனதற்குக் காரணம் அந்த ரிப்போர்ட் தாள்தான். ஐ.எஸ். 10500 ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியாக நிறுத்தி விசாரிக்கிறது. ஒரு கிணற்றில் எல்லா எண்ணும் வரம்புக்குள் இருக்கலாம், ஆனால் அந்தச் சேர்க்கை சுற்றியுள்ள எந்தக் கிணற்றிலும் இல்லாததாக இருக்கலாம். குளோரைடு குறைவாக இருக்கும் இடத்தில் சோடியம் மட்டும் தனியாக ஏறியிருந்தால், சல்பேட் மட்டும் துணையில்லாமல் நின்றால், அங்கே ஏதோ புதிதாகக் கலக்கத் தொடங்கியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். வரம்பைத் தாண்டுவதற்கு முன்பே இந்தத் தொலைவு கையைத் தூக்கிவிடும். தொழிற்பேட்டைகள் உள்ள வில்லியனூர் கொம்யூனில் இதைவிடப் பயனுள்ள ஒரு கணக்கை என்னால் நினைக்க முடியவில்லை.

பி.எல்.எஸ். (பகுதி மீச்சிறு வர்க்கம்) என்கிற இன்னொரு முறை என் வேலைக்கே நேராக உதவியது. பாராசிட்டமாலும் காஃபீனும் சேர்ந்த மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். புறஊதா நிறமாலையில் ஒன்றின் உச்சம் 243 நானோமீட்டர் அருகில், இன்னொன்றின் உச்சம் 273 அருகில். வளைவுகள் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். ஓர் அலைநீளத்தில் மட்டும் பார்த்தால் பிரித்துச் சொல்வது கடினம். முழு வளைவையும் கொடுத்தால் பி.எல்.எஸ். இரண்டையும் பிரித்துச் சொல்லும். ஆனால் இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. இருநூறு அலைநீளம், பதினைந்து மாதிரி என்றால் கூறுகளைக் கூட்டிக்கொண்டே போய் எதை வேண்டுமானாலும் பொருந்த வைக்கலாம். பார்க்க அழகாக இருக்கும், நாளை வரும் புது மாத்திரையில் விழுந்துவிடும். அதனால் சில மாதிரிகளை ஒளித்து வைத்து, அவற்றைக் கிடைத்த சமன்பாடு சரியாகச் சொல்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஒளித்து வைப்பதிலும் நேர்மை வேண்டும். ஒரே மாத்திரையை இரண்டு தடவை அளந்து, ஒன்றை உள்ளேயும் ஒன்றை வெளியேயும் வைத்தால் அது சோதனையே இல்லை. ஒரே கிணற்றின் இரண்டு பாட்டில்களுக்கும் இதே விதிதான். நல்ல பயிற்சியை மோசமான பயிற்சியிலிருந்து பிரிப்பது இந்த இடம்தான். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சான்றிதழ் தரும் வகுப்புகளில் பணத்தைப் போடாதீர்கள். சரிபார்ப்புக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், உங்கள் சொந்தத் தரவைக் கொண்டுவரச் சொல்கிறார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். காசு செலவழிக்க முடியாதவர்களுக்கு ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல்லில் பல்மாறிப் பகுப்பாய்வு விரிவுரைகள் இலவசமாகவே இருக்கின்றன. தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால்தான் கட்டணம்.

பாகூரில் 9ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கல்விச்சாலை இருந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, அந்தக் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களை மானியமாகக் கொடுத்ததைப் பதிவு செய்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில், தன் காலடியில் இருக்கும் தண்ணீரைப் பற்றிய கேள்விக்குப் பதில் தேட ஆலிவ் எண்ணெய்த் தரவு வரை போக வேண்டியிருக்கிறதே என்பது எனக்கு வருத்தம்தான். இதைச் சரிசெய்ய நிதி, கட்டடம் எதுவும் தேவையில்லை. ஆண்டுதோறும் நம் கல்லூரிகளில் இளங்கலை, முதுகலை மாணவர்கள் 'இன்ன ஊர்க் குடிநீரின் தரம்' என்று ப்ராஜெக்ட் செய்கிறார்கள். ஒவ்வொருவரும் ஐந்தாறு மாதிரி எடுத்து, வரம்போடு ஒப்பிட்டு, பைண்டிங் செய்து அலமாரியில் வைக்கிறார்கள். அந்த அட்டவணைகளை ஒன்றாகச் சேர்த்தால் அதுவே நமக்கான தரவு.

இதைப் படிக்கும் வேதியியல் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த ஆண்டு ப்ராஜெக்ட் கொடுக்கும்போது டி.டி.எஸ்., பி.எச். மட்டும் போதாது என்று சொல்லுங்கள். சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், குளோரைடு, பைகார்பனேட், சல்பேட், நைட்ரேட் எட்டையும் அளக்கச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை எடுக்கச் சொல்லுங்கள். பாகூருக்கும் வில்லியனூருக்கும் இடையில் வரும் தமிழ்நாட்டு ஊர்களை விட்டுவிட வேண்டாம், விட்டால் வரைபடத்தில் ஓட்டை விழும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு போரும் எத்தனை அடி ஆழம் என்பதை வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். இங்கே வண்டல், கடலூர் மணற்கல், வானூர் மணற்கல் என்று தண்ணீர் பல அடுக்குகளில் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து வீட்டுப் போர்கள் இரண்டு வெவ்வேறு அடுக்குகளிலிருந்து தண்ணீர் எடுக்கலாம். ஆழம் எழுதாத மாதிரியை எந்த அடுக்கிலும் சேர்க்க முடியாது.